கார்ட்டோகிராஃபி பேப்பரை எடுக்காதீங்க: புவியியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த கல்வியாண்டுல இருந்து வரப்போற பி.எஸ்சி. புவியியல் சிலபஸோட வரைவை காலேஜ்களுக்கு அனுப்பியிருந்தீங்க. முழுசா படிச்சேன். ரெண்டாவது செமஸ்டர்ல இருந்த கார்ட்டோகிராஃபி, அதாவது மேப் தயாரிக்கற முறை, பிராக்டிகலும் நாலாவது செமஸ்டர்ல இருந்த சர்வே பிராக்டிகலும் அதுல இல்ல. ரெண்டையும் சேர்த்து 'ஜியோஸ்பேஷியல் லேப்'னு ஒரே பேப்பர் ஆக்கியிருக்கீங்க. அதுல முதல் யூனிட்ல 'மேப் அடிப்படைகள்'னு ஒரு வரி. ஸ்கேல், உருண்டையான பூமியைத் தட்டையான தாள்ல காட்டற புரொஜெக்‌ஷன், சின்னங்கள், எண்களை வகுப்பு வகுப்பா பிரிக்கற வகைப்பாடு, ஸ்கேலுக்கு ஏத்த மாதிரி விவரத்தைக் குறைக்கற பொதுமைப்படுத்தல் எல்லாமே அந்த ஒரு வரிக்குள்ள அடங்கிடணும், மீதி நாலு யூனிட்டும் சாஃப்ட்வேர்ல எந்த மெனுவுக்குள்ள போய் எதை அமுக்கணும்ங்கறதுதான். கருத்து கேட்டிருந்தீங்க, மெயில் அனுப்பினேன், 'பெற்றுக்கொண்டோம்'னு பதில் வந்துச்சு, அதோட சரி. அதனாலதான் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதறேன்.

நான் உங்க பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச ஒரு காலேஜ்ல புவியியல் சொல்லிக்குடுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு மேப்பிங் கம்பெனில டிஜிட்டைசிங் (பேப்பர் மேப்பைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறது) வேலை பாத்து, அப்புறம் குவாலிட்டி செக் டீம்ல இருந்தேன். வரைவோட முன்னுரைல 'இண்டஸ்ட்ரிக்கு இது தேவைப்படாத காலாவதியான திறன்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிதான் என்னை உக்கார விடல. இண்டஸ்ட்ரிக்குள்ள இருந்து சொல்றேன், சாஃப்ட்வேர் கத்துக்குடுக்கறது அவங்களுக்குப் பெரிய விஷயமே இல்ல, புதுசா சேர்ந்தவங்களுக்கு அவங்களே சொல்லிக்குடுத்துடுவாங்க, வெர்ஷனும் அடிக்கடி மாறும். கிளையண்ட்கிட்ட இருந்து ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த ஷீட்டுங்களை நாங்க உக்காந்து பாப்போம். டேட்டம், அதாவது இடத்தைக் குறிக்க அடிப்படையா எடுத்துக்கற பூமி மாதிரி, மாறிப் போயிருக்கும், அந்த ஸ்கேலுக்குத் தாங்காத விவரத்தை அள்ளிப் போட்டிருப்பாங்க, லெஜண்ட்ல (மேப்போட குறி விளக்கத்துல) ஒரு வகுப்பு முடியற இடமும் அடுத்தது ஆரம்பிக்கற இடமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். இதெல்லாம் மேப் தெரியாததால வர்ற தப்பு. அதைச் சொல்லிக்குடுக்கற பேப்பரைத்தான் இப்ப எடுக்கறீங்க.

பழைய பேப்பர் நல்லா இருந்துச்சுன்னு வாதாட நான் வரல. அதோட நிலைமை உங்களுக்கும் தெரியும், நாம எல்லாரும் அதுல படிச்சு வந்தவங்கதான். சீனியரோட ரெக்கார்டு நோட்டை வாங்கி டிரேசிங் பேப்பர்ல அப்படியே எடுக்கறது, கூம்பு, உருளை, துருவப் புரொஜெக்‌ஷன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு காம்பஸ் வெச்சு வரையறது, எந்த இடத்துக்கு எது பொருந்தும்னு யாரும் கேக்கறதும் இல்ல சொல்றதும் இல்ல. எக்ஸ்டர்னல் வந்து பார்டர் நேரா இருக்கா, லெட்டரிங் அழகா இருக்கான்னு பாத்து மார்க் போட்டுட்டுப் போயிடுவார். இப்படி நடத்தினா பசங்களுக்கு அலுப்புதான் வரும். அதை மாத்தணும்னா நானே முதல் ஆளா வருவேன். ஆனா சொல்லிக்குடுத்த விதம் தப்புன்னா விதத்தை மாத்தணும், பாடத்தையே தூக்கிட்டா அப்புறம் மாத்தறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

என் வகுப்புல என்ன நடக்குதுன்னு சொல்றேன். மூணாவது வருஷ பிராஜெக்டுக்கு ஒரு பையன் தமிழ்நாட்டு மக்கள்தொகை அடர்த்தி மேப் போட்டான், 2011 சென்சஸ் டேட்டா, க்யூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல பத்து நிமிஷ வேலை. அஞ்சு வகுப்பு, சம இடைவெளினு குடுத்துட்டான். சென்னையோட அடர்த்தி அப்ப ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000க்கு மேல, அதுக்கு அடுத்து வர்ற கன்னியாகுமரி 1,100 சொச்சம்தான். சம இடைவெளில அஞ்சா பிரிச்சா ஒரு வகுப்பே 5,000க்கு மேல போயிடும். அப்ப என்ன ஆகும், சென்னை மட்டும் அடர் சிவப்பு, மீதி 31 மாவட்டமும் ஒரே வெளுத்த கலர், நடுவுல மூணு வகுப்பு காலி. நீலகிரியும் கன்னியாகுமரியும் ஒரே மாதிரி இருக்குன்னு அந்த மேப் சொல்லுது. அந்தப் பையன் கெட்டிக்காரன், மேப் சரியாத்தானே வந்திருக்கு, எரர் எதுவும் காட்டலயேன்னு உண்மையாவே கேட்டான். சாஃப்ட்வேர் எரர் காட்டாது, அது கேட்டதைக் குடுக்கும், அவ்வளவுதான். இதே டேட்டாவை அவன் முதல்ல ஒரு கிராஃப் ஷீட்ல புள்ளி புள்ளியா வெச்சுப் பாத்திருந்தா 31 புள்ளி ஒரு மூலைல குவிஞ்சு ஒண்ணு மட்டும் எங்கயோ தள்ளி நிக்கறது கண்ணுல பட்டிருக்கும், வகுப்பை எங்க வெட்டணும்னு அவனே யோசிச்சிருப்பான். அந்தப் பயிற்சி கார்ட்டோகிராஃபி பிராக்டிகல்லதான் இருந்துச்சு.

அதே டேட்டாவை இன்னொரு குரூப் எடுத்தாங்க. இணையத்துல கிடைச்ச இப்போதைய மாவட்ட எல்லை ஷேப்ஃபைல்ல (கம்ப்யூட்டர் மேப் ஃபைல்) 38 மாவட்டம் இருக்கு, 2011 சென்சஸ்ல 32தான். தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு எல்லாம் 2019ல பிரிஞ்சது, மயிலாடுதுறை அதுக்கும் அடுத்த வருஷம். மாவட்டப் பேரை வெச்சு டேட்டாவை எல்லையோட ஜாயின் பண்ணினதும் ஆறு மாவட்டம் டேட்டா இல்லாம வெள்ளையா நின்னுச்சு, அதை விட மோசம், பிரிஞ்சு சின்னதாப் போன விழுப்புரத்து மேல பழைய பெரிய விழுப்புரத்தோட மக்கள்தொகை போய் உக்காந்துக்கிச்சு. வெள்ளையா நிக்கறது கண்ணுக்குத் தெரியும். விழுப்புரத்துல இருக்கற தப்பு யாருக்குத் தெரியும்? எல்லைக்கும் ஒரு தேதி உண்டு, டேட்டாவுக்கும் ஒரு தேதி உண்டு, ரெண்டும் ஒத்துப்போகணும்ங்கறது எந்த மெனுலயும் கிடையாது.

டேட்டம் விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். பழைய டோப்போ ஷீட் (சர்வே ஆஃப் இந்தியாவோட நிலவரைபடம்) எல்லாம் எவரெஸ்ட் நீள்கோளம்ங்கற பழைய பூமி மாதிரியை வெச்சுப் போட்டது, ஃபோன்ல இருக்கற ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84ங்கற வேற மாதிரியை எடுத்துக்கும். இதை கவனிக்காம ஷீட்டை ஜியோரெஃபரன்ஸ் பண்ணினா (பூமில அதோட சரியான இடத்துல பொருத்தினா) நம்ம ஊர்ப்பக்கம் நூறு மீட்டருக்கு மேல தள்ளிப் போயிடும், ஒரு தெருவே மாறிடும். அப்புறம் யுடிஎம் மண்டலம், உலகத்தை 6 பாகை அகலப் பட்டைங்களா பிரிச்சு மேப் போடற முறை. 78 பாகை தீர்க்கரேகை தமிழ்நாட்டை ரெண்டா வகுந்துட்டுப் போகுது, கோயம்புத்தூர் 43ல, சென்னை 44ல. மாநிலம் முழுக்க ஒரே மேப் போடறப்ப என்ன பண்ணணும்னு யோசிக்கத் தெரியணும். இணைய மேப்ங்க பயன்படுத்தற வெப் மெர்கேட்டர் புரொஜெக்‌ஷன்ல அப்படியே பரப்பளவு கணக்குப் போட்டா சென்னை அட்சரேகைல அஞ்சு சதவீதம் கூடுதலா வரும், ஸ்ரீநகர்ல 45 சதவீதம் வரும். ஏரி சுருங்கிடுச்சா இல்லையான்னு பாக்கற பிராஜெக்ட்ல ஒரு வருஷத்தை ஒரு புரொஜெக்‌ஷன்லயும் இன்னொரு வருஷத்தை வேற புரொஜெக்‌ஷன்லயும் அளந்தா, இந்த அஞ்சு சதவீதமே ஒரு 'கண்டுபிடிப்பா' தீஸிஸ்ல ஏறிடும். அப்படி ஏறினதை நான் வைவாவுல பாத்திருக்கேன்.

இதெல்லாத்தையும் விட என்னை ரொம்ப பாதிச்சது ஒரு மழை மேப். 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் பெஞ்ச மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட பதிவாச்சு. அந்தப் பக்கத்துல இருந்து வந்த ஒரு பொண்ணு, வீட்டுக்குள்ள தண்ணி ஏறினதைப் பாத்தவ, அதையே பிராஜெக்டா எடுத்தா. மழைமானி நிலையங்களோட அளவை எல்லாம் சேகரிச்சு சாஃப்ட்வேர்ல இண்டர்போலேஷன் (நிலையம் இல்லாத இடத்துக்குக் கணக்குப் போட்டு அளவை நிரப்பறது) குடுத்தா, காயல்பட்டினத்தைச் சுத்தி வட்ட வட்டமா இலக்குப் பலகை மாதிரி வந்துச்சு. 'இங்கதான் அதிகம், சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே சீரா குறைஞ்சுக்கிட்டே போகுது'னு எழுதியிருந்தா. நான் கேட்டேன், இந்த வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவுல ஏதாவது மழைமானி இருக்காம்மா? இல்ல. அப்ப அங்க அவ்வளவுதான் பெஞ்சுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அவ கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, எங்க ஊர் இந்த வெளுத்த வட்டத்துக்குள்ள இருக்கு, ஆனா அங்கயும் மோசமாத்தான் பெஞ்சுச்சுன்னு சொன்னா. அதுக்கப்புறம் ஒரு சாயங்காலம் உக்கார வெச்சு, பேப்பர்ல நிலையங்களைக் குறிச்சு, கையால சம மழைக் கோடு வரையச் சொன்னேன். ரெண்டு நிலையத்துக்கு நடுவுல பென்சிலை எந்தப் பக்கம் வளைக்கணும்னு முடிவு பண்றப்பதான் அந்தக் கோடு ஒரு ஊகம்னு புரியுது, கடல் எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம்னு பாக்கணும்னு தோணுது. திரும்பப் போய் சாஃப்ட்வேர்ல வேற முறைல செஞ்சா, நிலையங்களை மேப்லயே புள்ளியா காட்டினா, டேட்டா இல்லாத இடத்துல கோட்டைப் புள்ளிக்கோடா மாத்தினா. நேர்மையான மேப் அது. நாளைக்கு யாரோ ஒருத்தர் இந்த மாதிரி ஒரு மேப்பைப் பாத்துதான் எந்த ஊருக்கு முதல்ல படகு அனுப்பணும்னு முடிவெடுப்பாங்க, அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

சர்வே பிராக்டிகலுக்கு வர்றேன். 'பிளேன் டேபிள், செயின், பிரிஸ்மாடிக் காம்பஸ் எல்லாம் யாரும் உபயோகிக்கறதில்ல'ங்கறது இந்த நில அளவைக் கருவிங்களைப் பத்தி உங்க வாதம். சரி. ஆனா காம்பஸ் வெச்சு காலேஜ் கிரவுண்டைச் சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே முடிக்கறப்ப பேப்பர்ல அந்தக் கடைசிப் புள்ளி முதல் புள்ளியோட சேராது. அந்த குளோசிங் எரரை எப்படிப் பிரிச்சுப் போடறதுன்னு படிக்கறப்பதான் அளவுன்னா அதுல பிழை இருக்கும்ங்கறது பசங்களுக்கு உடம்புல ஏறும். ஃபோன்ல ஒரு புள்ளி விழுந்ததும் அதை அப்படியே சத்தியம்னு நம்பற பசங்களுக்கு இது ரொம்பவே தேவை.

இன்னொண்ணும் இருக்கு. எங்க பசங்க பாதிப் பேர் விவசாயக் குடும்பம். ஒரு தடவை செயின் சர்வே முடிஞ்ச அடுத்த வாரம் ஒருத்தன் வீட்ல இருந்து எஃப்எம்பி, அதான் நிலத்தோட புலப்படம், எடுத்துட்டு வந்தான். அவங்க அப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வரப்புத் தகராறு. டயகனலும் (மூலைவிட்டம்) ஆஃப்செட்டும் (அதுல இருந்து செங்குத்தா அளக்கற தூரம்) வெச்சுத்தான் அந்தப் படம் இருக்கும், பழைய படம்னா அளவு லிங்க்ல இருக்கும், 100 லிங்க் சேர்ந்தா ஒரு செயின், 66 அடி. வகுப்புல செஞ்ச அதே கணக்கு. எல்லாரும் சேர்ந்து முக்கோணம் முக்கோணமா பிரிச்சு பரப்பளவு போட்டுப் பாத்தாங்க, பட்டால இருக்கற அளவோட ஒத்துப் போச்சு. அந்தப் பையன் அப்பாகிட்ட போய் சர்வேயர் எந்தக் கல்லுல இருந்து எந்தக் கல்லுக்கு அளக்கணும்னு சொல்லியிருக்கான். மூணு வருஷம் படிச்சதுல வீட்டுக்கு நேரா பிரயோஜனப்பட்டது இதுதான்னு எங்கிட்ட சொன்னான். சாஃப்ட்வேர் லேப்ல இதுக்கு எங்க இடம் இருக்கு?

இந்தப் பாடம் பல்கலைக்கழகத்துக்குள்ள எப்படி வந்துச்சுங்கறதையும் கொஞ்சம் யோசிங்க. நம்ம ஊருக்கு இதுல ரொம்ப நீண்ட தொடர்பு இருக்கு. 1794ல சென்னைல எட்டு பசங்களோட தொடங்கின சர்வே ஸ்கூல்தான் வளர்ந்து கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆச்சு. 1802ல ஆங்கிலேய சர்வேயர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு அளந்துதான் இந்தத் துணைக்கண்டத்தையே முக்கோணமா பிரிக்கற வேலை ஆரம்பிச்சுது. 1926ல இங்கதான் மெட்ராஸ் ஜியாகிரஃபிக்கல் அசோசியேஷன் வந்துச்சு, இன்னிக்கு அது இந்தியன் ஜியாகிரஃபிக்கல் சொசைட்டி. 1956ல கல்கத்தால நேஷனல் அட்லஸ் அமைப்பைத் தொடங்கி நடத்தினவர் எஸ்.பி.சாட்டர்ஜி, அவர் ஒரு புவியியல் பேராசிரியர். நாட்டுக்கு அட்லஸ் போடற வேலைக்கு வகுப்பறைல இருந்து ஆள் போன காலம் அது.

வெளிநாட்டைப் பாத்தாலும் அப்படித்தான். ஸூரிக்ல எட்வார்ட் இம்ஹோஃப் 1925லயே கார்ட்டோகிராஃபிக்குனு தனி நிறுவனம் ஆரம்பிச்சார். ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க உளவுத்துறையோட மேப் பிரிவை நடத்தின ஆர்தர் ராபின்சன், போர் முடிஞ்சதும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து, மேப் பாக்கறவங்களுக்கு என்ன புரியுதுங்கறதை ஆராய்ச்சியாவே மாத்தினார், 1953ல வந்த அவரோட பாடப்புத்தகத்துல ஒரு தலைமுறையே படிச்சுது. ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டர் மேப்பிங், வந்தப்புறம் நிறைய இடத்துல கார்ட்டோகிராஃபி பேப்பர் அதுக்குள்ள கரைஞ்சு போச்சுங்கறது உண்மைதான், நீங்க அதைத்தான் முன்மாதிரியா காட்டறீங்க. ஆனா அதோட கதை அங்கயே முடிஞ்சுடல. 2011ல ம்யூனிக், வியன்னா, டிரெஸ்டன் மூணு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கார்ட்டோகிராஃபிக்குனே தனி மாஸ்டர்ஸ் ஆரம்பிச்சாங்க, பிற்பாடு நெதர்லாந்துல ட்வென்டேவும் சேர்ந்துச்சு. அவங்ககிட்ட சாஃப்ட்வேர் இல்லாமலா? க்யூஜிஐஎஸ்ல நம்ம பசங்க தினமும் தேர்ந்தெடுக்கற கலர் வரிசைல ஒரு தொகுப்பு, பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் சிந்தியா புரூவர் உருவாக்கினது. எத்தனை வகுப்புக்கு எந்தக் கலர், சிவப்பு-பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்கும் தெரியணும்னா எதை எடுக்கணும்னு யோசிச்சு செஞ்சது. சாஃப்ட்வேருக்குள்ள இருக்கறதே கார்ட்டோகிராஃபி படிச்சவங்களோட உழைப்புதான்.

நேரமும் பாருங்க. நாங்க படிச்சப்ப கடற்கரை மாவட்டத்து டோப்போ ஷீட் கிடைக்காது, கட்டுப்பாடு, சொந்த ஊர் ஷீட்டைக் கண்ணால பாக்காம வேற ஊர் ஷீட்டை வெச்சுத்தான் படிச்சோம். இன்னிக்கு சர்வே ஆஃப் இந்தியாவோட ஓப்பன் சீரிஸ் ஷீட்டை இணையத்துல டவுன்லோட் பண்ணலாம். 2021 பிப்ரவரில மத்திய அரசு மேப் தயாரிக்க முன் அனுமதி வேண்டாம்னு இந்திய நிறுவனங்களுக்கு விதியைத் தளர்த்துச்சு, 2022ல தேசிய ஜியோஸ்பேஷியல் கொள்கையும் வந்துச்சு. மேப் போடறவங்க பெருகப்போற நேரத்துல மேப் எப்படிப் போடணும்ங்கற பாடத்தை நிறுத்தறது எனக்குப் புரியவே இல்ல. நம்ம பட்டதாரிங்க நிறையப் பேர் பி.எட். முடிச்சு பள்ளிக்கூடத்துக்குத்தான் போறாங்க, பதினொண்ணு பன்னெண்டாம் வகுப்புப் புவியியல்ல செய்முறை இருக்கு, பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுல மேப் கேள்வி இருக்கு. அதை நடத்தப் போறவங்களுக்கே ஸ்கேல் மாத்தத் தெரியலன்னா?

லேப் நிலைமையையும் நீங்க நேர்ல வந்து பாக்கணும். எங்களை மாதிரி காலேஜ்ல ஒரு கம்ப்யூட்டர்ல மூணு பேர் உக்காருவாங்க, ஒருத்தர் மவுஸ் பிடிப்பாங்க, ரெண்டு பேர் வேடிக்கை பாப்பாங்க, கரண்ட் போனா அன்னிக்கு வகுப்பே இல்ல. பேப்பரும் பென்சிலும் எல்லார் கைலயும் இருக்கும், யாரும் வேடிக்கை பாக்க முடியாது. அதோட தமிழ் வழில படிச்சு வர்ற பசங்க. மேனுவல் முழுக்க இங்கிலீஷ், புரியாம அப்படியே பாத்து அமுக்கிட்டுப் போறாங்க, ஒரு கோடு வரைஞ்சு காட்டினா டக்குனு பிடிச்சுக்கறாங்க. முழுசா கணினிக்கு மாத்தினா முதல்ல பின்தங்கறது இவங்கதான்.

என் கோரிக்கைகளை நேரா சொல்லிடறேன். இந்த வரைவு அகாடமிக் கவுன்சிலுக்குப் போறதுக்கு முன்னாடி கார்ட்டோகிராஃபி பிராக்டிகலையும் சர்வே பிராக்டிகலையும் தனித்தனிப் பேப்பரா, இப்ப இருக்கற கிரெடிட்டோட திரும்ப சேருங்க. ஜியோஸ்பேஷியல் லேப் வேணும், அதை அதுக்கு அடுத்த செமஸ்டர்ல வைங்க, அடிப்படை தெரிஞ்சுக்கிட்டு உள்ள போகட்டும். கார்ட்டோகிராஃபி பேப்பரோட உள்ளடக்கத்தை மாத்துங்க: பத்துப் பன்னெண்டு புரொஜெக்‌ஷன் வரையறதை மூணா குறைச்சு, எந்த வேலைக்கு எது, ஏன்ங்கறதை வைங்க, வகுப்புப் பிரிக்கறது, கலர், பொதுமைப்படுத்தல், டேட்டம் எல்லாத்துக்கும் தனி யூனிட் குடுங்க, ஒவ்வொரு பயிற்சியையும் முதல்ல கையால, அப்புறம் சாஃப்ட்வேர்ல செய்யற மாதிரி அமைங்க. சர்வே பேப்பர்ல காம்பஸ் டிராவர்ஸும் (காம்பஸ் வெச்சு சுத்தி வந்து அளக்கறது) ஃபோன் ஜிபிஎஸ்ஸும் ஒரே இடத்துல எடுத்து ஒப்பிடற பயிற்சியும், எஃப்எம்பி படிக்கற பயிற்சியும் சேருங்க. ரெக்கார்டு நோட்டுக்கான மார்க்கைக் குறைச்சு, மாணவரோட சொந்த மாவட்டத்துக்கு ஒரு மேப் போட்டு வைவாவுல அதை விளக்கறதுக்கு மார்க் குடுங்க, தப்பான ஒரு மேப்பைக் குடுத்து என்ன தப்புன்னு கேளுங்க. செய்முறைக் கையேட்டைத் தமிழ்லயும் கொண்டு வாங்க, எழுதறதுக்கு என்னை மாதிரி ஆசிரியர்கள் தயாரா இருக்கோம், சம்பளம் கேக்க மாட்டோம். புது சிலபஸைக் காரணம் காட்டி டிராயிங் மேஜையையும் சர்வே கருவிங்களையும் உபயோகமில்லன்னு கண்டெம் பண்ணச் சொல்லி எந்தக் காலேஜுக்கும் சர்க்குலர் போகாமப் பாத்துக்கோங்க, ஒரு தடவை போச்சுன்னா திரும்ப வாங்க யாரும் பணம் ஒதுக்க மாட்டாங்க.

கடைசியா, இணைப்புக் காலேஜ் புவியியல் ஆசிரியர்களை ஒரு நாள் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுங்க, கௌரவ விரிவுரையாளர்களையும் சேர்த்து, பிராக்டிகல் வகுப்பை நிறைய இடத்துல அவங்கதான் நடத்தறாங்க. அந்தக் கூட்டம் நடக்கற வரைக்கும் வரைவை நிறுத்தி வைங்க. எங்க கருத்தை ஏத்துக்க முடியாதுன்னு முடிவு பண்ணினா, ஏன்னு காரணத்தை எழுத்துல எல்லாக் காலேஜுக்கும் அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்கள் இணைப்புக் கல்லூரி ஒன்றின் புவியியல் ஆசிரியர்